கிளவுடா, ஹார்ட் டிஸ்க்கா? தண்டையார்பேட்டை ஸ்டூடியோவுக்கு ஒரு பதில்

கேள்வி: தண்டையார்பேட்டையில் என் தந்தை தொடங்கிய போட்டோ ஸ்டூடியோவை இப்போது நானும் என் கணவரும் நடத்திவருகிறோம். வீடு பக்கத்திலேயே, கொருக்குப்பேட்டையில். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எடுத்த படங்களும் வீடியோக்களும் சுமார் 11 டெராபைட் (11 ஆயிரம் ஜிபி) அளவுக்கு ஆறு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கின்றன. எதற்கும் இரண்டாவது பிரதி கிடையாது. 2023 டிசம்பர் மழையில் கடையிலும் வீட்டிலும் தண்ணீர் வந்தபோது, கீழ்த்தட்டில் இருந்த வேறொரு டிஸ்க் அப்போதே போய்விட்டது. இப்போது ஆறில் ஒன்று, செருகியதும் டிக் டிக்கென்று சத்தம் போடுகிறது. அம்பத்தூரில் இருக்கும் என் அக்காள் மகன், 'எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடுங்கள் சித்தி, தலைவலி தீர்ந்தது' என்கிறான். என் கணவரோ, 'மாதாமாதம் யாருக்கோ வாடகை கட்டுவதற்குப் புது டிஸ்க்குகளை வாங்கி பீரோவில் வைத்துவிடலாம்' என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: சகோதரிக்கு வணக்கம். யார் சொல்வது சரி என்பதைப் பிறகு பார்க்கலாம். சத்தம் போடும் அந்த டிஸ்க்கை இன்றே கழற்றி எடுத்துவையுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே மெருகேற்றிய வட்டத் தகடுகள் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல, அவற்றைத் தொடாமல், தலைமுடியின் பருமனைவிட மிகக் குறைந்த இடைவெளியில் மிதந்தபடி ஒரு முனை தகவலைப் படிக்கிறது. அந்த முனை பழுதாகும்போது தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். நீங்கள் கேட்பது பெரும்பாலும் அந்தச் சத்தம்தான். போதிய மின்சாரம் கிடைக்காதபோதும் இப்படி ஒலிப்பதுண்டு என்பதால், வேறு கேபிளைப் போட்டு ஒரே ஒரு முறை பார்க்கலாம். அப்போதும் சத்தம் வந்தால் மறுபடி செருக வேண்டாம், ஏனெனில் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தகடு கீறுபட வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும், லேசாகத் தட்டினால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், இரண்டையும் செய்யாதீர்கள். தூசியில்லாத தனி அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்தினர்தான் இதைத் திறக்க வேண்டும். கடை மேசைமேல் வைத்து மூடியைக் கழற்றுபவரிடம் கொடுத்தால், இருந்த வாய்ப்பும் போய்விடும். மீட்புக் கட்டணம் கணிசமாக இருக்கும். ஆகவே அந்த டிஸ்க்கில் யார் யாருடைய விசேஷங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு ஆல்பமும் பென் டிரைவும் கொடுத்தாயிற்றா என்று பழைய பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தது, எதற்கும் இரண்டாவது பிரதி கிடையாது என்ற அந்த ஒரு வரிதான். உங்கள் கணவர் சொல்வதுபோல் டிஸ்க் வாங்கினாலும், பிள்ளை சொல்வதுபோல் கிளவுடில், அதாவது இணையம் வழியே ஒரு நிறுவனத்தின் கணினிகளில், ஏற்றிவிட்டுப் பழைய டிஸ்க்குகளை அழித்துவிட்டாலும், ஒரே பிரதி என்ற நிலைமை மாறாமல் இருந்தால் இருவர் சொல்வதும் தவறாகவே முடியும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்றாவது வேறிடத்தில் என்று ஒரு விதி எங்கள் கணினித் தொழிலில் உண்டு. அதை 3-2-1 என்போம். அந்த விதியைப் பரப்பியவர் கணினிப் பொறியாளர் அல்லர், உங்கள் தொழிலைச் சேர்ந்த பீட்டர் கிரோக் என்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர். டிஜிட்டல் கேமராவுக்கு மாறிய நாட்களில் படங்களை எப்படிக் காப்பது என்று யோசித்து எழுதியவர் அவர். எதை வாங்குவது என்பதை அந்த விதி சொல்லவில்லை. எந்த ஒரு விபத்தும் எல்லாப் பிரதிகளையும் ஒரே நேரத்தில் எட்டிவிடக் கூடாது என்பதையே சொல்கிறது. உங்கள் வீட்டு விவாதத்தை அந்தக் கண்ணோடு பார்த்தால் யாருடைய யோசனை எங்கே உடைகிறது என்பது புலப்படும்.

முதலில் உங்கள் கணவரின் யோசனையை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. 11 டெராபைட்டை வைத்திருக்க டிஸ்க்கைவிட மலிவான வழி இன்றைக்கு இல்லை. வேண்டியபோது இணையத்தை எதிர்பார்க்காமல் உடனே எடுக்கலாம். ஒரு முறை பணம் கொடுத்தால் போதும். அந்த 'ஒரு முறை' என்பதை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்ற கணக்கைப் பல ஆண்டுகளாக வெளியிட்டுவருகிறது. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவிலேயே அது இருந்துவருகிறது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அவை குளிரூட்டப்பட்ட அறையில் அசையாமல் ஓடும் டிஸ்க்குகள். மண்டபத்துக்கும் கடைக்கும் பையில் போய்வந்து, எடிட்டிங் மேசையின் ஓரத்திலிருந்து கேபிள் இழுபட்டு விழும் டிஸ்க்குக்கு அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்க முடியாது. கடற்கரைக்கு அருகே இருக்கும் தண்டையார்பேட்டையின் ஈரப்பதமும் உப்புக் காற்றும் வேறு இருக்கின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை டிஸ்க்கை மாற்றியாக வேண்டும் என்று இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேகமாக இருக்கிறதே என்று, சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் எஸ்.எஸ்.டி. வாங்கி பீரோவில் வைக்கும் எண்ணமிருந்தால் அதைக் கைவிடுங்கள். எடிட்டிங்குக்கு அது மிக நல்லது, ஆனால் மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதிலுள்ள மின்னேற்றம் கசிந்து தகவல் கெட வாய்ப்புண்டு.

அவருடைய யோசனை உடைவது பீரோவில்தான். இரண்டு பிரதிகளையும் கடையிலேயே வைப்பது, பூட்டின் இரண்டு சாவிகளையும் ஒரே கொத்தில் மாட்டிவைப்பது போன்றது. சரி, ஒன்று கடையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும் என்று அடுத்ததாகச் சொல்வார். வேறெந்த ஊராக இருந்தாலும் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் மிக்ஜாம் புயலின்போது டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் உங்கள் கடையிலும் வீட்டிலும் ஒன்றாகவே தண்ணீர் ஏறியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று பெயர்கள் வேறானாலும், பக்கிங்காம் கால்வாயையும் அதில் சேரும் வாய்க்கால்களையும் நம்பியிருக்கும் தாழ்ந்த பகுதி முழுவதும் வெள்ளத்துக்கு ஒரே இடம்தான். திருட்டு, தீ ஆகியவற்றிலிருந்து பக்கத்துத் தெரு காப்பாற்றும். வடசென்னை மழையிலிருந்து காப்பாற்றாது. அம்பத்தூரில் உங்கள் அக்காள் வீடு இருப்பது இங்கேதான் உதவுகிறது. அங்கே மாடி வீடாக இருந்தால் இன்னும் நல்லது; தரைத்தளமாக இருந்தால் பரண்மேல் வைக்கச் சொல்லுங்கள்.

இனி பிள்ளையின் யோசனை. சில கணக்குகளை அவனையே போடச் சொல்லுங்கள். வீட்டு ஃபைபர் இணைப்பில் மேலேற்றும் வேகம் வினாடிக்கு 40 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி) கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 11 டெராபைட்டை ஏற்ற, இரவுபகலாக ஒரு நிமிடமும் நிற்காமல், ஏறக்குறைய 25 நாட்கள் ஆகும். 'அன்லிமிடெட்' என்று விற்கப்படும் பல வீட்டு இணைப்புகளில் மாதத்துக்கு 3.3 டெராபைட் என்று ஓர் உச்சவரம்பு சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் வேகம் படுத்துவிடும் என்பதால் நடைமுறையில் அது நான்கு மாதத்துக்குப் போகும். அதற்குள் புது முகூர்த்தங்களின் சுமை சேர்ந்துவிடும்: வினாடிக்கு 100 மெகாபிட் என்ற தரத்தில் 4கே வீடியோ எடுத்தால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு கேமராவிலிருந்து மட்டும் 45 ஜிபி. வரவேற்பும் முகூர்த்தமுமாக இரண்டு கேமராக்கள் ஓடினால் எவ்வளவு என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மொத்தமும் தேவைப்படும் நாளில் இறக்குவதும் லேசல்ல. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பத்து நாட்கள் பிடிக்கும். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு என்றால், 2 டெராபைட் டிஸ்க் ஒன்றில் இருப்பதை மாற்ற ஐந்தாறு மணி நேரம் போதும்.

வாடகை என்று உங்கள் கணவர் சொல்வது வெறும் கோபப் பேச்சல்ல. கட்டணத்தை நிறுத்தினால் படங்கள் மறுநாளே அழிந்துவிடாது என்றாலும், இலவச அளவுக்கு மேலே இருக்கும் கணக்கில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது. கூகுளில் அந்த நிலை இரண்டு ஆண்டுகள் நீடித்தால் உள்ளே இருப்பதையும் அழிக்க அவர்கள் விதியில் இடமிருக்கிறது. இலவசமாகத் தரும் 15 ஜிபியை மெயிலும் படங்களும் பங்கிட்டுக்கொள்வதால், படத்தால் அது நிரம்பினால் வாடிக்கையாளர் அனுப்பும் மெயிலும் வராமல் நின்றுவிடும். கூகுள் போட்டோஸில் 2021 ஜூன் வரை அளவில்லாமல் இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்தோம் என்பதும், அது ஒரு நாள் நின்றுபோனது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். மிக மலிவாக வைத்திருக்கும் ஆழ்கிடங்கு வகைச் சேவைகளும் உண்டு. அவற்றில் போட்டதைத் திரும்ப எடுக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வெளியே இறக்குவதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. உங்களைப் போன்ற கடைக்கு அது ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிளவுடில் போட்டால் பெரிய கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 மே மாதம், யூனிசூப்பர் என்ற ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியத்தின் கிளவுட் அமைப்பு, கூகுள் தரப்பில் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழையால் அழிந்துபோனது. இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருந்தும் இரண்டும் சேர்ந்தே போயின. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அந்த நிதியம் மீண்டெழ, வேறொரு நிறுவனத்திடமும் வைத்திருந்த பிரதி பெரிதும் உதவியது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் பேட்டரியிலிருந்து தீப்பற்றியபோது, அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் சாம்பலாயின. அதற்கு வெளியே பிரதி இல்லை. அளவு மிகப் பெரிது என்பதால் எடுக்கவில்லை என்றார்கள். நிறைய இருக்கிறதே, எப்படி நகலெடுப்பது என்று இதுவரை நீங்கள் தள்ளிப்போட்டு வந்ததும் அதே காரணத்துக்காகத்தான் இருக்கும்.

ஆனால் உங்களைப் போன்ற சிறு கடைக்கு, தரவு மையம் எரிவதைவிட அருகில் இருக்கும் ஆபத்துகள் வேறு. கம்ப்யூட்டரிலுள்ள ஃபோல்டரும் கிளவுடும் எப்போதும் ஒன்றாக இருக்கும்படி அமைப்பதைப் பலர் பேக்கப் என்றே நினைக்கிறார்கள். கடைப் பையன் தவறுதலாக ஒரு கல்யாண ஃபோல்டரை அழித்தால், கிளவுடிலும் அது உடனே அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் கிடந்து பிறகு அங்கிருந்தும் போய்விடும். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மாதம் கழித்து வருவது உங்களுக்குப் புதிதல்ல. ரான்சம்வேர் என்ற வைரஸ் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும்போதும் இதே கதைதான். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையையே பல நாட்கள் முடக்கிய வகைத் தாக்குதல் அது. எப்போதும் செருகியே வைத்திருக்கும் டிஸ்க்கையும் அது சேர்த்துப் பூட்டிவிடும். கழற்றிவைத்த டிஸ்க்கை எட்ட அதனால் முடியாது. எடிட்டிங் மென்பொருளை உடைத்த பதிப்பாக எங்கோ இறக்கிப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் (உங்களைக் குறைசொல்வதற்காக எழுதவில்லை, பல கடைகளில் பார்த்துவருகிறேன்) அந்த வைரஸ் நுழையும் வாசல்களில் ஒன்று அது.

இன்னொரு ஆபத்து உங்கள் தொழிலுக்கே உரியது. குப்புற விழத் தொடங்கிய குழந்தையை அரைஞாண் கயிறு மட்டும் அணிவித்துப் படம் எடுப்பது நம் ஸ்டூடியோக்களில் தலைமுறை வழக்கம். உங்கள் தந்தையார் எடுத்த அத்தகைய படங்கள் அந்த வட்டாரத்தில் பல வீட்டுச் சுவர்களில் இன்றும் தொங்கும். கிளவுட் நிறுவனங்கள் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைத் தடுக்க, ஏற்றப்படும் படங்களை இயந்திரத்தைக் கொண்டு சோதிக்கின்றன. அந்த நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்காவில், மருத்துவருக்குக் காட்டுவதற்காகத் தன் குழந்தையின் வீக்கத்தைப் படம் எடுத்த ஒரு தந்தையின் கூகுள் கணக்கு முடக்கப்பட்டதையும், குற்றம் ஏதுமில்லை என்று காவல்துறை முடித்த பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை என்பதையும் 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாக வெளியிட்டது. ஒரே கணக்கில் மெயில், கடைக் கணக்கு, எல்லாக் கல்யாணப் படங்களும் இருந்தால், பூட்டு விழும்போது அத்தனைக்கும் சேர்த்தே விழும். கைக்குழந்தைப் படங்களை டிஸ்க்கில் மட்டும் வைத்திருங்கள் என்பது என் கருத்து. கடைக்கென்று தனிக் கணக்கும் தொடங்கிவிடுங்கள்.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது. சுமையை டிஸ்க் தாங்கட்டும்; இழக்கவே முடியாததை மட்டும் கிளவுடுக்கு அனுப்புங்கள். 8 டெராபைட் கொள்ளளவுள்ள, மேசைமேல் வைக்கும் வகை டிஸ்க்குகள் நான்கு வாங்குங்கள். இரண்டு ஒரு ஜோடி, மற்ற இரண்டு அவற்றின் நகல். ஒரு ஜோடியை ஒரு நிறுவனத் தயாரிப்பாகவும் மற்றதை வேறு நிறுவனத் தயாரிப்பாகவும் வாங்கினால், ஒரே தொகுப்பில் வந்த குறை இரண்டையும் பாதிக்காது. நல்ல நிலையிலுள்ள ஐந்து பழைய டிஸ்க்குகளிலிருந்து இரண்டு ஜோடிக்கும் நகலெடுங்கள். நகலெடுக்கும்போது, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் வசதியுள்ள மென்பொருளைப் பயன்படுத்துங்கள்; டெராகாப்பி போன்றவற்றில் அது உண்டு. கடை ஜோடியை மேல்தட்டில், இறுக மூடும் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், நகலெடுத்ததும் கழற்றிவிடுங்கள். மற்ற ஜோடி அம்பத்தூருக்கு. கிளவுட் பற்றி யோசனை சொன்ன அதே பிள்ளை மாதம் ஒரு முறை கடைக்கு வரும்போது, புதிதாகச் சேர்ந்த விசேஷங்களை ஒரு சிறிய டிஸ்க்கில் எடுத்துப்போய் அங்கே சேர்த்துவிடட்டும். பழைய டிஸ்க்குகளை ஓராண்டாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

கிளவுடுக்கு எது போக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் அனுபவம் தேவைப்படும். ஒரு கல்யாணத்தில் எடுத்த நான்காயிரம் படங்களில் ஆல்பத்துக்குத் தேறியவை 600 என்றால், திருத்தி முடித்த படம் ஒன்றுக்கு 10 எம்பி வீதம் மொத்தம் 6 ஜிபிதான். முன்பு சொன்ன அதே இணைப்பில் இருபது நிமிடத்தில் ஏறிவிடும். அதோடு ஆல்பம் வடிவமைப்புக் கோப்பும், கொடுத்து முடித்த வீடியோவின் இறுதிப் பதிப்பும் போதும். வெள்ளமோ திருட்டோ வந்து இரண்டு ஜோடி டிஸ்க்குகளும் போய்விட்டால்கூட, 'எங்கள் கல்யாண ஆல்பம் நனைந்துவிட்டது, இன்னொன்று போட்டுத் தருவீர்களா' என்று வருபவருக்கு இல்லையென்று சொல்ல வேண்டியிருக்காது. மிக்ஜாமுக்குப் பிறகு அப்படி எத்தனை பேர் வந்தார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். டாலி கணக்கும் பில்களும் அளவில் சிறியவை. அவற்றை வாரந்தோறும் ஏற்றுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களை வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது.

கடவுச்சொல் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள். போன் தொலைந்தால் உள்ளே நுழைவதற்கென்று தரும் மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு, ஒன்றை உங்கள் வீட்டு நகைப்பெட்டியிலும் இன்னொன்றை அக்காவிடமும் வையுங்கள். அம்பத்தூர் டிஸ்க்குகளை மைக்ரோசாஃப்ட் விண்டோஸிலுள்ள பிட்லாக்கர் என்ற பூட்டு வசதி மூலம் பூட்டிவைப்பது நல்லது, ஏனெனில் அதில் இருப்பவை மற்றவர்களின் குடும்பப் படங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 எதிர்பார்க்கும் பொறுப்பும் அதுவே. அந்தப் பூட்டின் மீட்புக் குறியீடு தொலைந்தால் நானோ மைக்ரோசாஃப்ட் நிறுவனமோ திறக்க முடியாது என்பதால், அதையும் அதே காகிதத்தில் எழுதிவையுங்கள்.

எதைத் தூக்கிப் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செலவைப் பாதியாக்கும் கேள்வி அதுதான். கண் மூடிய படம், ஃபோகஸ் தவறிய படம், பந்தியில் ஓடவிட்ட கேமராவின் முக்கால் மணி நேரப் பதிவு ஆகியவற்றை இன்னும் இருபது ஆண்டுகள் இரண்டு பிரதிகளாகக் காப்பதில் யாருக்கும் பயனில்லை. பில்லிலேயே, ஆல்பம் கொடுத்த ஓராண்டுக்குப் பிறகு மூலப் பதிவுகள் வைத்திருக்கப்படமாட்டா, தேர்ந்த படங்கள் மட்டும் இருக்கும் என்று அச்சிட்டு, அட்வான்ஸ் வாங்கும்போதே வாய்மொழியாகவும் சொல்லிவிடுங்கள். மூலப் பதிவு வேண்டும் என்பவரிடம் ஒரு டிஸ்க் வாங்கித் தரச் சொல்லி அதில் போட்டுக் கொடுங்கள். உங்கள் தந்தையாரின் பழைய நெகடிவ்கள் இருந்தால், ஸ்கேன் செய்துவிட்டோம் என்பதற்காக அவற்றை எறிந்துவிடாதீர்கள்; அவையும் ஒரு பிரதிதான்.

கடைசியாக, சரிபார்ப்பு. ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடையும் ஓரளவு ஓய்ந்திருக்கும். அந்த மாதத்தில் ஒரு நாள் அம்பத்தூர் டிஸ்க்குகளைக் கடைக்கு வரவழைத்து, பழைய ஆண்டு ஒன்றிலிருந்தும் சென்ற ஆண்டிலிருந்தும் கைபோன போக்கில் சில ஃபோல்டர்களைத் திறந்து, படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். வீடியோவை நடுவிலிருந்து ஓடவிடுங்கள். கிளவுடிலிருந்து ஒரு கல்யாணத்தை வேறொரு கம்ப்யூட்டரில், கடவுச்சொல்லையும் காகிதத்திலுள்ள குறியீட்டையும் மட்டும் கொண்டு இறக்கிப் பாருங்கள். அதை உங்கள் கணவர் தனியாகச் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள். திறக்காத கோப்பு ஏதாவது அகப்பட்டால், மற்ற ஜோடியிலிருந்து எடுத்து அன்றே மாற்றிவிடலாம். டிஸ்க் மாற்ற வேண்டியதாக இருந்தாலும், ஐப்பசி மழைக்கு முன் புதிது வாங்கி நகலெடுத்து அம்பத்தூருக்குத் திருப்பி அனுப்ப இரண்டு மாத அவகாசம் இருக்கும்.